பில் ஒருவர் பெயரில், பயன்பாடு எல்லோருடையது: விளம்பரக் கண்காணிப்புக்கு யார் சம்மதம் தர வேண்டும்?

லண்டனில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் வீட்டு இணைய இணைப்பு கணவர் பெயரில் இருக்கிறது. நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் 'உங்கள் இணையப் பயன்பாட்டுக்கு ஏற்ற விளம்பரங்கள்' என்ற கட்டத்தில் முன்பே டிக் போடப்பட்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைத் தொட்டதே இல்லை. இது சம்மதம் ஆகிவிடுமா?"

ஆகாது. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் என்பது விவரம் அறிந்து, சுதந்திரமாக, தெளிவான ஒரு செயலால் தரப்படுவது. மௌனமும் முன்பே போட்டு வைத்த டிக்கும் அதில் சேரா. ஐரோப்பிய நீதிமன்றமும் 2019 அக்டோபரில், குக்கீகள் (தளங்கள் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு கோப்புகள்) பற்றிய ஒரு ஜெர்மன் வழக்கில், இதையே உறுதி செய்தது.

ஓர் இணையதளம் உங்களைக் கண்காணித்தால் அங்கே போகாமல் இருந்துவிடலாம்; ஆனால் இணைய நிறுவனத்தின் கம்பி வழியாகத்தான் உங்கள் வங்கி, மருத்துவமனை, பிள்ளையின் பள்ளி எல்லாமே வந்து போகின்றன. அதனால்தான் இங்கே சம்மதத்தைக் கறாராகக் கேட்க வேண்டும் என்கிறேன். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்துடன் இயங்குவதால், முகவரியில் தளத்தின் பெயரை அடுத்து வரும் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளது நிறுவனத்தின் கண்ணுக்குப் படாது. ஆனால் அதற்கு முன்னுள்ள தளத்தின் பெயர் பெரும்பாலும் தெரியும். புற்றுநோய் சிகிச்சை மையம் ஒன்றின் பெயர் ஒரே வாரத்தில் பத்து முறை வந்தால், எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்று தெரியாமலே விஷயம் விளங்கிவிடும்.

கணவரின் பெயரில் பில் இருப்பது பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. 2003ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு விதிகளில் 7ஆம் விதி, போக்குவரத்துத் தரவை (தொடர்பின் உள்ளடக்கம் அல்லாமல், அதைக் கொண்டுசேர்க்கத் தேவைப்படும் விவரங்களை) சந்தைப்படுத்தலுக்குப் பயன்படுத்த, அந்தத் தரவுக்கு உரிய சந்தாதாரரோ பயனரோ முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் பற்றிக்கொள்வது 'சந்தாதாரர்', அதாவது பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர், என்ற அந்தச் சொல்லைத்தான். செய்தியின் உள்ளடக்கத்தையே இடைமறித்தால் கதை வேறு: 2016ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, சம்மதத்தைக் காரணம் காட்ட வேண்டுமானால், அனுப்புபவர், பெறுபவர் இருவருமே அதைத் தந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியதற்குக் கணவரின் டிக் போதாது.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு பழைய காரணம் உண்டு. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2006, 2007 ஆண்டுகளில் ஃபோர்ம் என்ற நிறுவனத்தின், இணையப் பயன்பாட்டைக் கண்காணித்து அதற்கேற்ற விளம்பரம் காட்டும் தொழில்நுட்பத்தை வாடிக்கையாளர்களிடம் சொல்லாமலே சோதித்தது. 2008இல் அது வெளிவந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் 2011இல் அரசுத் தரப்பு வழக்குத் தொடர மறுத்துவிட்டது. எனினும், சம்மதம் இருப்பதாக 'நம்ப நியாயமான காரணம்' இருந்தாலே போதும் என்று அன்றைய இடைமறிப்புச் சட்டத்தில் இருந்த வாசகம், ஐரோப்பிய ஆணையம் எடுத்த நடவடிக்கையால், அதே ஆண்டில் நீக்கப்பட்டது. அந்த ஓட்டை அடைபட்டதன் பலன் இன்று உங்களுக்கும் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: டிக்கை எடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். பிறகு நீங்களும் கணவரும் தனித்தனியாக எழுதுங்கள். நேரடிச் சந்தைப்படுத்தலுக்குத் தரவைப் பயன்படுத்துவதை எதிர்ப்பதாகவும், இதுவரை சேர்த்த தரவின் நகல் வேண்டும் என்றும் கேளுங்கள். எதிர்ப்புக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நகலுக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

கடிதத்தில் இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: எங்கள் மறுப்பு கணக்கில் பதிவாகிறதா, அல்லது குக்கீயில் மட்டும் இருக்கிறதா? ஃபோர்ம் முதலில் வகுத்த முறையில் மறுப்பே ஒரு குக்கீயாகத்தான் இருந்தது. பிரவுசரைச் சுத்தம் செய்தால் மறுப்பும் சேர்ந்தே அழிந்துவிடும்.