பழைய ஒலிநாடாவைப் பாடமாக்க இடைத்தரகர் எதற்கு?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், சோலையூருக்கு அருகே ஒரு தமிழ்வழி யு.பி. (உயர் தொடக்கப்) பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் இருளர் பழங்குடி ஊர்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் சேர்ந்து படிக்கிறார்கள். 1986இல் எங்கள் பகுதியில் ஓர் ஆராய்ச்சி மாணவர் பதிவு செய்த பாட்டுகளும் புகைப்படங்களும் களக்குறிப்பேடுகளும் ஒரு பல்கலைக்கழகத்தின் இனக்குழு ஆய்வு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு பாடத்துணைத் தொகுப்பு தயாரிக்க நினைக்கிறேன். மன்னார்க்காட்டில் ஒருவர், நகலும் பதிப்புரிமை அனுமதியும் வாங்கித் தர 15,000 ரூபாய் கேட்கிறார். அனுமதி இல்லாமல் வகுப்பில் ஒலிபரப்பினால் வழக்கு வரும் என்றும் சொல்கிறார். பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றே எழுத்தில் ரசீது கேளுங்கள். ரசீது தர அவர் தயங்கினால், அவர் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். பல்கலைக்கழகக் காப்பகத்தில் நகல் எடுப்பதற்குக் கட்டணம் இருந்தால், அது பல்கலைக்கழகத்தின் கணக்கில் கட்டப்பட்டு, அதற்குரிய ரசீது உங்கள் பெயருக்கோ பள்ளியின் பெயருக்கோ வர வேண்டும். இடையில் ஒரு மனிதருக்கு அங்கே வேலையே இல்லை.

வழக்கு வரும் என்று அவர் சொல்வதைக் கேட்டுத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையாளரைக் கேட்காமலே செய்யக்கூடியவை எவை என்று அது வரிசையாகச் சொல்கிறது. கற்பித்தலின் போக்கில் ஓர் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகல் எடுப்பது அந்த வரிசையில் இருக்கிறது. "எந்தப் படைப்பையும்" என்பதில் புத்தகம், புகைப்படம், ஒலிப்பதிவு எல்லாமே அடங்கும். "கற்பித்தலின் போக்கில்" என்றால் மணியடித்து மணியடிக்கும் வரையிலான நாற்பது நிமிடம் மட்டும்தானா என்ற கேள்வி, 2012இல் மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மீது தொடுத்த வழக்கில் எழுந்தது. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் தனி நீதிபதியும் டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அளித்த தீர்ப்புகளில், வகுப்பு நடக்கும் நேரத்தோடு கற்பித்தல் முடிந்துவிடுவதில்லை, அதற்கான ஆயத்தமும் மாணவர் கையில் கொடுக்கும் வாசிப்புத் தொகுப்பும் அதற்குள்ளேயே வரும், பாடத்துக்குத் தேவைப்படுகிற அளவுக்குள் இருந்தால் போதும் என்று தில்லி உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே இரண்டு நிமிடப் பாட்டை வகுப்பில் ஒலிக்கச் செய்வதற்கும், ஒரு புகைப்படத்தை முப்பது பிள்ளைகளுக்கு நகல் எடுத்துக் கொடுப்பதற்கும், அதைத் தேர்வில் கேள்வியாக வைப்பதற்கும் நீங்கள் யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

இந்த விலக்கு உங்கள் வகுப்பறைக்கு மட்டுமே உரியது. அதே பாட்டை யூடியூபில் ஏற்றினாலோ, தொகுப்பை அச்சடித்து விற்றாலோ, மாவட்டம் முழுவதும் வாட்சப்பில் அனுப்பினாலோ அது கற்பித்தல் ஆகாது, வெளியீடு ஆகிவிடும். அப்போது பதிவு செய்தவரின் உரிமையோடு, பாடியவரின் உரிமையும் குறுக்கே வரும். நிகழ்த்துவோருக்கு நம் சட்டம் 50 ஆண்டுகள் உரிமை தருகிறது. அந்தக் கணக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. அதன்படி 1986இல் பாடியவருக்கு 2036ஆம் ஆண்டு முடியும்வரை அந்த உரிமை இருப்பதாகக் கொள்வதே பாதுகாப்பு. பாட்டு வழிவழியாக வந்தது, அதற்கு ஆசிரியர் இல்லை என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. பாட்டு யாருடையதாக இருந்தாலும் குரல் பாடியவருடையது. இந்தச் சட்டத்தில் மேலும் பல நுணுக்கங்கள் உண்டு. உங்கள் வேலைக்கு அவை தேவைப்படாது.

சட்டத்தின் அனுமதி இவ்வளவுதான். ஊரின் அனுமதி என்று இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி அந்தத் தரகர் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இனக்குழு ஆய்வு என்ற துறை ஒரு பாடமாக உருவானதே, 1968 நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியின் மாணவர்கள் தங்கள் சமூகங்களின் வரலாற்றைத் தாங்களே படிக்கவும் சொல்லவும் வேண்டும் என்று கேட்டு மாதக்கணக்கில் நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாகத்தான். நம் காப்பகங்களிலோ, யாரைப் பற்றிய பெட்டி அது என்று பார்த்து, அந்த ஊருக்கு ஒரு கடிதம் போடுகிற வழக்கம்கூட வரவில்லை. நாடா நாற்பது வருடமாக அலமாரியில் இருக்கிறது. பாடியவரின் பேரன் ஆனைகட்டிக்கும் அகளிக்கும் இடையே தினமும் பஸ்ஸில் போய்வருகிறான். இரண்டையும் சேர்த்து வைப்பது தங்கள் கடமை என்று அங்கே ஒருவரும் எண்ணியதில்லை. இத்துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

எனவே காப்பகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் ஊருக்குப் போங்கள். இருளர் ஊரில் தலைவரான மூப்பன் மட்டும் முடிவு செய்வதில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஊரின் மற்றப் பொறுப்பாளர்களான வண்டாரியும் குறுதலையும் மண்ணுக்காரனும் உடன் இருந்து கேட்க வேண்டும், முடிந்தால் ஊருக்கூட்டத்திலேயே பேச வேண்டும். எந்தப் பாட்டைப் பிள்ளைகள் வகுப்பில் பாடலாம், எது சாவு வீட்டில் மட்டும் பாடுவது, எது புனித மலையான மல்லீசுவரன்முடிக்குப் போகும்போது மட்டும் பாடுவது என்பதை அவர்களே சொல்லட்டும். விதைப்புக்கான கம்பளப் பாட்டு பெரும்பாலும் தடையில்லாமல் கிடைக்கும். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை, சட்டம் அனுமதிக்கிறது என்ற காரணத்தைக் காட்டி வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள்.

இதனால் உங்கள் பாடத்துக்கும் நேரடியான பயன் உண்டு. நான் பணியிலிருந்தபோது ஒரு காப்பகத்தில், ஓர் ஒலிநாடாவின் உறையில் "இருளர் பெண், அறுவடைப் பாட்டு, 2" என்று நீல மையில் எழுதியிருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. அதன் நகலை ஊரில் ஒரு திண்ணையில் வைத்து ஒலிக்கச் செய்தபோது, இரண்டாவது அடி முடிவதற்குள் ஒரு மூதாட்டி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அது அறுவடைப் பாட்டே இல்லையாம். சாமைக் கொல்லையில் ஆனைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரணில் இரவெல்லாம் விழித்திருக்கும்போது, அடுத்த கொல்லைப் பரணில் இருப்பவருக்குக் கேட்கும்படி பாடுவதாம். அதனால்தான் ஒவ்வோர் அடியின் முடிவும் அவ்வளவு நீண்டு இழுபடுகிறது. பதில் குரலுக்கு இடம் விட்டுப் பாடியிருக்கிறார்கள். பாடியவர் யார் என்பதையும் அவரே சொன்னார். ஏழாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் அந்த ஒரு சொல்லைக் காப்பகப் பொருள்களின் அட்டவணையில் திருத்துவதற்குக் காப்பகத்தில் படிவமே இல்லை என்றார்கள். அது திருந்த இரண்டு வருடம் ஆயிற்று.

இப்போது காப்பகத்தைக் கேட்கும் முறை. "உங்களிடம் இருக்கும் இருளர் பொருள்கள் எல்லாவற்றின் நகலும் வேண்டும்" என்று எழுதினால் உங்கள் கடிதம் கோப்புக்குள் போய் உறங்கிவிடும். முதலில் அட்டவணையைக் கேளுங்கள். அதிலிருந்து ஒரு நாடா, இரண்டு புகைப்படங்கள், குறிப்பேட்டில் ஒன்றிரண்டு பக்கங்கள் என்று சேர்க்கை எண்ணோடு (ஒவ்வொரு பொருளுக்கும் காப்பகம் கொடுத்திருக்கும் எண்) குறிப்பிட்டு, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு, வகுப்பும் பாடமும் எழுதிக் கேளுங்கள். ஒலிநாடா பதிவான அதே தேதிக்குரிய குறிப்பேட்டுப் பக்கத்தைக் கட்டாயம் சேர்த்துக் கேட்க வேண்டும். உறையில் இல்லாத பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். வகுப்புக்கு எம்பி3 கோப்பும் சாதாரண ஸ்கேனும் போதும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். அதில் ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டாம். பிறருடைய பதிப்புரிமையைக் காரணம் காட்டி மறுக்க அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அட்டவணையையும் நகல் கட்டண விவரத்தையும் மட்டும் கேளுங்கள். அதற்கு 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். மக்கள் பணத்தில் நடக்கும் காப்பகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் ஆசிரியை மனுப்போட வேண்டியிருப்பதே முறையற்றது. ஆனால் இன்றைய நிலை அப்படித்தான் இருக்கிறது.

தரகர்கள் செய்யும் வேலைகளில் மூன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் பதிவு செய்துவிட்டு, அந்த ரசீதையே "அனுமதி" என்று காட்டுவது முதலாவது. அந்த அலுவலகம் படைப்பைப் பதிவு செய்யும் இடம். பதிவுகூடக் கட்டாயமில்லை, பிறர் படைப்பைப் பயன்படுத்த அது யாருக்கும் அனுமதி வழங்குவதாகவும் அர்த்தமில்லை. மூப்பனிடம் எதுவும் எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பிறகு வேறொரு திட்டத்துக்கு ஒப்புதல் கடிதமாக நிரப்பிக்கொள்வது இரண்டாவது. இது பெரிய அநியாயம். உங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லி அப்படி ஒரு தாள் சுற்றினால் உடனே அகளியிலுள்ள ஐ.டி.டி.பி. (ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்ட) அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். உங்களுக்கு நகல் வாங்கித் தரும் சாக்கில் தனக்கும் ஒரு நகல் வைத்துக்கொண்டு, உங்கள் தொகுப்பையே வழிகாட்டி நூலாக அச்சடித்துப் பள்ளிகளுக்கு விற்பது மூன்றாவது. அதனால்தான் கோப்புகள் காப்பகத்திலிருந்து நேராகப் பள்ளியின் மின்னஞ்சலுக்கு வர வேண்டும் என்கிறேன்.

பழைய நூல்களிலிருந்தும் பகுதிகள் சேர்க்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் கவனம் தேவை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்த நூலை யாரும் பயன்படுத்தலாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலும், நம் பாலக்காட்டில் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி நாட்டுப் பழங்குடிகளையும் சாதிகளையும் பற்றி 1909இலும் 1912இலும் எழுதிய தொகுதிகளும் அந்த வகையில் உரிமை நீங்கியவை. ஆனால் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கை அளந்து தரம் பிரித்துப் பார்த்தவர். அந்தப் பக்கத்தை முன்விளக்கம் இல்லாமல் நகல் எடுத்து மேசையில் வைத்தால், முதல் வரிசையில் இருக்கும் இருளர் பிள்ளை அதை எப்படிப் படிக்கும் என்று யோசியுங்கள். ஏழாம் வகுப்புக்கு அது வேண்டாம்.

பாட்டை எழுத்தில் கொடுக்கும்போது ஒரு தவறு எல்லோருக்கும் நேர்கிறது: இருள மொழியைக் கொச்சைத் தமிழ் என்று எண்ணி, நல்ல தமிழாகத் திருத்திவிடுகிறார்கள். இருளம் தனி மொழி. அதன் சில உயிரொலிகளுக்குத் தமிழ் எழுத்தும் இல்லை, மலையாள எழுத்தும் இல்லை. கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதி, அதனருகில் பொருளை எழுதி, ஒலியை எப்போதும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பில் ஐயம் வந்தால் இருளர் பிள்ளைகள் திருத்தட்டும். அந்த வகுப்பில் அவர்களே ஆசிரியர்கள்.

ஊரின் பழைய நிலப் பதிவுகளையும் நீங்கள் பின்னால் தேடக்கூடும். அட்டப்பாடி 1956 வரை சென்னை மாகாணத்தின் (பின்னர் சென்னை மாநிலத்தின்) மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அவற்றைக் கோழிக்கோட்டு வட்டார ஆவணக் காப்பகத்திலும் சென்னை எழும்பூரிலும் தேட வேண்டும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் கொச்சி நாட்டில் இருந்ததால் அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் எர்ணாகுளத்துக்கும், திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளத்தார் திருவனந்தபுரத்துக்கும் எழுத வேண்டும். "எல்லாம் ஒரே இடத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த எல்லைகளே தெரியாது.

முதல் தொகுப்பைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாட்டு, ஒரு படம், குறிப்பேட்டின் ஒரு பக்கம், பாடியவரின் பெயர், அந்தப் பெயரைத் தொகுப்பில் குறிப்பிடுவதற்கு அவர் குடும்பத்தாரின் சம்மதம். ஊரில் சொல்லும் திருத்தங்களைத் தேதியோடும் சொன்னவர் பெயரோடும் எழுதி, காப்பகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பள்ளிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை நகல் கேட்கும்போது அதையும் கடிதத்தோடு இணைக்கலாம்.