பார்க்காமல் சொன்ன நம்பர்

கேள்வி: என் வயது 51. பெங்களூரில் வேலை. அப்பா போன பிறகு நான்கு வருடமாக அம்மா (76) மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. தகவல் தெரிந்து நான் மறுநாள் மதியம்தான் போய்ச் சேர முடிந்தது. இனி தனியாக விடக்கூடாது என்று கோவையில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். தை பிறந்ததும் குடிபோகிறார். அம்மா மறுப்பு எதுவும் சொல்லவில்லை. ஞாபகசக்தியும் நன்றாகவே இருக்கிறது. பாரம் நிரப்பும்போது அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் எழுத, எதிர்வீட்டில் தையல் வேலை செய்யும் பெண்ணின் நம்பரை போனைப் பார்க்காமலே சொன்னார். நான் சிரித்துவிட்டு என் நம்பரை எழுதினேன். சொந்தக்காரர்கள்தான் ‘பெத்தவளை ஹோமில் தள்ளிட்டான்’ என்று பேசுகிறார்கள். ஊர் வீட்டை விற்க வசதியாக அதை இப்போதே என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கச் சொல்கிறார் மைத்துனர். நான் செய்வது தப்பா?

பதில்: சொந்தக்காரர்களை விடுங்கள், தம்பி. அம்மா விழுந்த அன்று அவர்களில் ஒருவராவது ஓடி வந்ததாக நீங்கள் எழுதவில்லை. அவர்கள் பேச்சுக்குச் சமாதானம் சொல்ல இந்தப் பக்கத்தில் இடமில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த போன் நம்பர் சமாச்சாரத்தை. அம்மாவுக்கு ஞாபகசக்தி இருப்பதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் மனப்பாடம்? எனக்கு என் மகள் நம்பர் தெரியாது. 76 வயதுக்காரர் பத்து எண்ணையும் மடமடவென்று சொல்கிறார் என்றால், எத்தனை தடவை அதை அழுத்தியிருக்க வேண்டும்? எத்தனை ராத்திரி? உங்கள் நம்பரை அப்படிச் சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் பதில் உங்களுக்கே தெரியும்.

அவர் விழுந்தார், நீங்கள் மறுநாள் மதியம் போனீர்கள். நடுவில் ஒரு ராத்திரி இருந்ததே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆட்டோ பிடித்தது யார்? மாவுக்கட்டு போடும்போது பக்கத்தில் நின்றது யார்? அப்புறம், வலது கையில் கட்டோடு கொண்டை போட முடியாது, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது, சாதம் பிசைய முடியாது. கட்டுப் பிரிக்க ஆறு வாரமாவது ஆகும். நீங்கள் எத்தனை நாள் லீவில் இருந்தீர்கள்?

அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று பாரம் கேட்டது. அம்மா உள்ளதைச் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள்.

அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள முடியாததற்கு நான் உங்களைத் திட்ட மாட்டேன். வயதானவர்கள் பிள்ளை வீட்டின் ஏழாவது மாடியில் பகல் முழுக்கப் பூட்டிய கதவுக்குள் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடமையை வேறொருத்தி தலைமேல் போட்டுக்கொண்டு செய்திருக்கிறாள். அவள் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. சம்பளத்துக்கு வந்தவளும் இல்லை. நாலு வருடத்தில் நாலு தீபாவளி வந்தது. அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களா?

‘மறுப்பு எதுவும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். எங்கள் தலைமுறைப் பெண்கள் ‘உன் இஷ்டம்பா’ என்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கையில் இருக்கும் ஒரே மனுஷியை விட்டுவிட்டு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். பாரத்தில் அவள் நம்பரையாவது எழுதச் சொல்லிப் பார்த்தார். அதையும் நீங்கள் எழுதவில்லை.

கோவைப் பக்கத்துக் குடியிருப்புகளைப் பற்றி எனக்குக் குறையில்லை. என் பெரியம்மா அப்படியோர் இடத்தில் ஆறு வருடம் இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே போட்டுவிடுகிறார்கள் என்பதைத் தவிர அவர் எதையும் குறை சொன்னதில்லை. ஆனால் இரண்டு விஷயம் அங்கே பார்த்தேன். பாத்ரூமில் அவசர மணிக்கு ஒரு கயிறு தரைவரை தொங்கும். கழுவும்போது இடைஞ்சல் என்று பல வீடுகளில் அதை மேலே முடிந்து வைத்திருப்பார்கள். விழுந்து கிடப்பவர் அதை எப்படி எட்டுவார்? போனதும் முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று, முதல் மாதம் எல்லாருக்கும் டூர் வந்த மாதிரி இருக்கும். இரண்டாவது மாதம்தான் ஊர் ஞாபகம் பிடித்துக்கொள்ளும். லீவு போடுவதானால் அந்த மாதம் பத்து நாள் போடுங்கள். முதல் நாள் பெட்டியை இறக்கிவைத்து போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

ஒப்பந்தத்தை நீங்களே படித்தீர்களா? அம்மா படுக்கையில் விழுந்தாலோ மறதி நோய் வந்தாலோ அதே வீட்டில் இருக்க விடுவார்களா, ராத்திரித் துணைக்கு ஆள் போட்டால் யார் செலவு, மாதக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறும், காலி செய்தால் டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்று கேளுங்கள். இந்த மாதிரிக் குடியிருப்புகளுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. அது வழிகாட்டுதல் மட்டுமே. வாயால் சொல்வதை நம்பாமல் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

மைத்துனர் யோசனையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், 2007-ஆம் வருடத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று சொல்லலாம். அந்தத் தீர்ப்பாயத்துக்கு அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவளும் அனேகமாக எதிர்வீட்டுக்காரியாகத்தான் இருப்பாள். வீடு அம்மா பெயரிலேயே இருக்கட்டும். ஒரு வருடம் விற்காதீர்கள், வாடகைக்கும் விடாதீர்கள். ‘ஆயிரமானாலும் மாயூரமாகுமா’ என்று கோவையிலிருந்து திரும்பி வந்தால் அவருக்கு இறங்க ஓர் இடம் வேண்டும்.

இப்போது அந்தப் பாரம். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட உங்கள் நம்பர் வேண்டும், அது இருக்கட்டும். அதன் கீழே அவள் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, வலியை எத்தனை நாள் மறைப்பார், எப்போது சாப்பிட்டதாகப் பொய் சொல்வார் என்பதெல்லாம் உங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். கேட்டு எழுதி நர்ஸிடம் கொடுங்கள். அங்கே விருந்தினர் அறை உண்டா என்றும் விசாரியுங்கள். மாயவரத்திலிருந்து மத்தியானம் ஜனசதாப்தி ஏறினால் ராத்திரி கோவை. குடிபோன பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவள் வந்து போகட்டும், டிக்கெட் உங்கள் செலவு. தையலை விட்டுவிட்டு வருகிறவள், அந்த நாள் கூலியும் உங்கள் செலவுதான்.

தைக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் மாயவரத்தில் இறங்கலாம். அம்மா வீட்டுக்குள் நுழையும் முன் எதிர்வீட்டுக்குப் போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள்.