கிக்குயு ஆராதனைப் பாடல்களும் பாடகர்களும்: கேள்வி பதில்

கேள்வி: கென்யாவின் கிறிஸ்தவப் பாடல்கள் என்றால் சுவாஹிலிப் பாடல்களே எங்கள் காதில் விழுகின்றன. கிக்குயு மொழிப் பாடல்களைத் தனி வகையாகக் கொள்ள வேண்டுமா?

பதில்: கொள்ளத்தான் வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிக்குயு மக்கள் ஏறத்தாழ 81 இலட்சம் பேர்; கென்யாவின் இனக்குழுக்களில் அவர்களே எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கிறார்கள். கென்யா மலையின் தென்புறத்திலும் மேற்புறத்திலும் பரவியுள்ள கியாம்பு, முராங்கா, நியேரி, கிரின்யாகா, நியாண்டருவா ஆகிய பகுதிகள் அவர்களுடைய தாயகம். நைரோபியின் பெரிய திருச்சபைகளில் ஆங்கிலமும் சுவாஹிலியும் ஆட்சி செய்தாலும், மலைச்சரிவு ஊர்களில் ஞாயிறு ஆராதனை இன்றும் கிக்குயு மொழியிலேயே நடக்கிறது. சுவாஹிலியில் பாடுபவர் கென்யா முழுவதையும், எல்லைக்கு அப்பால் தான்சானியாவையும் மனத்தில் வைத்துப் பாடுகிறார். கிக்குயுவில் பாடுபவர் தம் ஊராரைப் பார்த்துப் பாடுவதால், பழமொழியையும் குத்தலையும் விளக்கமின்றிக் கையாளும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. இரண்டு மொழிகளிலும் பாடுபவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய பாடல்களை அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

கேள்வி: நான் ஒரு திருச்சபையில் பாடகர் குழுவை நடத்துகிறேன். ஐரோப்பிய மெட்டுகளில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளில்தானே இந்த இசை தொடங்கியது? அந்த மெட்டுகள் அம்மொழிக்குப் பொருந்தினவா?

பதில்: தொடக்கம் அதுவே. ஸ்காட்லாந்து மிஷனெரிகள் 1898-இல் தொகோட்டோவிலும், ஆப்பிரிக்கா இன்லாண்ட் மிஷன் 1903-இல் கிஜாபேயிலும் நிலைகொண்டனர். ஆங்கிலிக்கர்கள் கபேட்டேயில் அமர்ந்தனர். இத்தாலியின் தூரின் நகரத்துக் கொன்சொலாத்தா சபைக் குருமார் 1902-இல் வந்து சேர்ந்தனர். புராட்டஸ்டாண்டுகள் சபைப் பிரிவுகளை மறந்து மொழிப்பணியில் கூடி உழைத்தார்கள். ஹாரி லீக்கி, ஆர்தர் பார்லோ போன்றோர் பங்குகொண்ட அந்த உழைப்பினால் கிக்குயு புதிய ஏற்பாடு 1926-இல் வெளிவந்தது. ஞானப்பாட்டு நூல்களும் இதே சூழலில் பிறந்தவை.

பொருந்தினவா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் பொருந்தவில்லை என்பதே என் விடை. கிக்குயு ஒரு தொனிமொழி. அசையைக் குரல் உயர்த்திச் சொல்வதா தாழ்த்திச் சொல்வதா என்பதைப் பொறுத்துச் சொல்லின் பொருளே மாறக்கூடும். ஸ்காட்லாந்து மெட்டுக்கோ இந்தக் கவலை இல்லை. சொல் உயர வேண்டிய இடத்தில் அது இறங்கும், இறங்க வேண்டிய இடத்தில் ஏறும். பாடுபவர் மனப்பாடத்தாலும் கேட்பவர் சூழலாலும் பொருளைப் பிடித்துக்கொள்கிறார்களே தவிர, மெட்டு பொருளுக்குத் துணை நிற்பதில்லை. இதனோடு இன்னொரு தொல்லையும் உண்டு: முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து நீளும் கிக்குயு வினைச்சொற்களை, ஓரசைச் சொற்கள் நிறைந்த ஆங்கில அடிகளின் அளவுக்குள் திணிக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் மூன்று தலைமுறையினர் அந்தப் பாடல்களை நெஞ்சாரப் பாடி, தங்கள் மூத்தோரின் சாவுக்கும் பிள்ளைகளின் திருமணத்துக்கும் அவற்றையே துணையாகக் கொண்டார்கள் என்பதால், அவற்றை அந்நியச் சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது.

சொல்லிலிருந்து மெட்டைப் பிறப்பிக்கும் பாடல்களில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. முதற்குரல் ஏறக்குறைய பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே ஒரு வரியை எடுக்கிறது. குழு ஒரு நிலையான பல்லவியால் அதற்கு விடை சொல்கிறது. இது பழைய கிக்குயு வேலைப்பாட்டுகளிலும் சடங்குப் பாட்டுகளிலும் இருந்த அமைப்பு. ஒரு புதிய பாடலை மதிப்பிடும்போது நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: முதற்குரலின் வரியை மெட்டில்லாமல் பேசிப் பார்த்தால் அதே வடிவம் நிற்கிறதா என்று.

கேள்வி: மேளத்தை மிஷனெரிகள் தடுத்தார்கள் என்பது உண்மையா? வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு மேளம் அடித்துப் பாடும் கூட்டத்தார் யார்?

பதில்: பொதுவாக உண்மை. இரவு நடனங்களோடும் விருத்தசேதனச் சடங்குகளோடும் இணைந்திருந்ததால், மேளம் ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. சடங்கைப் பற்றிய பூசல் 1929-இல் வெடித்தது. பெண் விருத்தசேதனத்தைக் கைவிடுவதாக வாக்குறுதி தர வேண்டும் என்று ஸ்காட்லாந்து மிஷனும் வேறு சில மிஷன்களும் உறுப்பினர்களிடம் கேட்டபோது, பெருந்திரளானோர் வெளியேறித் தனிப் பள்ளிகளையும் தனித் திருச்சபைகளையும் தொடங்கினார்கள். மிஷனெரிகளை நையாண்டி செய்த முதிரிகு என்னும் ஆட்டப்பாட்டு ஊர் ஊராகப் பரவியது. அரசு அதனை 1930-இல் தடைசெய்தது. வெளியேறியவர்களில் பலர் ஞானப்பாட்டுகளைக் கையோடு எடுத்துச் சென்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பகை மிஷனோடுதான் இருந்தது, பாடலோடு இருக்கவில்லை.

நீங்கள் குறிப்பிடும் தலைப்பாகைக் கூட்டத்தார் அகுரினு எனப்படுவோர். 1920-களின் பிற்பகுதியில் கிக்குயு நாட்டிலேயே தோன்றிய தீர்க்கதரிசன இயக்கம் அது. ஆண்களும் பெண்களும் வெள்ளைத் துணியால் தலையைச் சுற்றிக்கொள்கிறார்கள். காலனியக் காவல் துறை அவர்களை ஐயத்தோடு பார்த்தது; 1934-இல் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தார்கள். மேளமும் கைத்தட்டலும் அவர்களுடைய ஆராதனையில் என்றுமே விலக்கப்படவில்லை. பிற சபைகளைப் பொறுத்தவரை, கத்தோலிக்கர்கள் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே மேளத்தைத் திருப்பலிக்குள் அழைத்தார்கள். அந்த வகையில், இன்று எல்லாச் சபைகளிலும் கேட்கும் தாளத்தை விடாமல் காத்துவைத்தவர்கள் அகுரினுக்களே என்பது என் கருத்து. அதற்குரிய மதிப்பு அவர்களுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராளிகள் ஞானப்பாட்டு மெட்டுகளில் பாடினார்கள் என்று படித்தேன். இது மிகைப்படுத்திய செய்தியா?

பதில்: மிகை இல்லை. 1952 அக்டோபரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்படுவதற்கு முன்பே, நிலவுரிமைக் கூட்டங்களில் ஊரறிந்த ஞானப்பாட்டு மெட்டுகளுக்குப் புதுச் சொற்கள் கட்டப்பட்டன. காரணம் எளியது. மெட்டு எல்லாருக்கும் தெரியும். கற்பிக்க நேரம் தேவையில்லை. மொழி அறியாத வெள்ளை அதிகாரியின் காதுக்கு அது ஆலயப் பாட்டாகவே கேட்கும். மீட்பரின் பெயர் இருந்த இடத்தில் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவின் பெயரும், வாக்களிக்கப்பட்ட நாடு இருந்த இடத்தில் பறிபோன நிலமும் வந்து அமர்ந்தன. இந்தச் சொற்களுடன் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் விற்கவும் பட்டன. காட்டிலும் தடுப்பு முகாம்களிலும் இந்தப் பாடல்களே போராளிகளின் செய்தித்தாளாகவும் உறுதிமொழியாகவும் இருந்தன.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுப்புதல் இயக்கத்தைச் சேர்ந்த கிக்குயு கிறிஸ்தவர்கள் பலர், கிறிஸ்துவின் இரத்தத்துக்குப் பின் வேறு இரத்தத்தால் சத்தியம் செய்ய மாட்டோம் என்று போராளிகளின் பிரமாணத்தை மறுத்தார்கள். அதனால் சிலர் கொல்லப்பட்டார்கள். அவர்களும் ஞானப்பாட்டுகளையே பாடினார்கள். ஒரே ஊரில், ஒரே இரவில், ஒரே மெட்டு இரண்டு வீடுகளில் இரண்டு பொருள்களோடு ஒலித்திருக்கக்கூடிய காலம் அது.

கேள்வி: எழுப்புதல் இயக்கம் என்கிறீர்கள். அதன் இசை எப்படிப்பட்டது?

பதில்: ருவாண்டாவின் கஹினியில் 1930-களில் மூண்டு, உகாண்டா வழியாக 1937-இல் கென்யாவை எட்டிய இயக்கம் அது. துகுதெண்டெரேசா என்று தொடங்கும் லுகாண்டா மொழித் துதிப்பல்லவியே அதன் அடையாளம். கிக்குயு சபைகள் அதனை மொழிமாற்றாமல் அப்படியே ஏற்றுக்கொண்டன. ஒருவர் எழுந்து தம் பாவத்தையும் விடுதலையையும் எல்லார் முன்னிலையிலும் அறிக்கையிடுவார். முடித்தவுடன் கூட்டம் கருவி எதுவுமின்றி அந்தப் பல்லவியை எடுக்கும். இன்றைய கிக்குயு நற்செய்திப் பாடல்களில் வரிக்கு வரி காணப்படும் சாட்சி, அதாவது இன்ன துன்பத்தில் கிடந்தேன், அண்டை வீட்டார் சிரித்தார்கள், கர்த்தர் தூக்கினார் என்னும் கதைப்போக்கு, அந்தக் கூட்டங்களிலிருந்து வந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

கேள்வி: நான் கிதார் வாசிப்பவன். இந்தப் பாடல்களின் கிதார் வாசிப்பு, மதுக்கடைப் பாடல்களில் கேட்கும் வாசிப்பைப் போலவே இருக்கிறதே?

பதில்: உங்கள் காது சரியாகவே சொல்கிறது. பெங்கா என்னும் கிதார் இசை விக்டோரியா ஏரிக்கரையின் லுவோ மக்களிடம் பிறந்து, 1960-களிலும் 70-களிலும் கிக்குயு நாட்டில் வேரூன்றியது. பேஸ் கிதார் தாளத்தை மட்டும் காக்காமல் தானே ஒரு பாட்டைப் பாடுவது போல நடக்கும். மற்ற கிதார்கள் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழையும். இறுதிப் பகுதியில் குரல் ஒதுங்கி, கிதார் மேலெழும்.

அந்த இசையின் பேராளர்களில் ஒருவர் முராங்காவின் கங்கேமாவில் 1939-இல் பிறந்த ஜோசப் கமாரு. காதலையும், ஊர் ஒழுக்கத்தையும், ஆட்சியாளர்களையும் பாடிப் பெரும்புகழ் பெற்ற அவர், 1993-இல் தாம் மனந்திரும்பியதாக அறிவித்து நற்செய்திப் பாடல்களுக்கு மாறினார். அவர் 2018-இல் காலமானார். அரசியல் பாட்டில் அவருக்கிருந்த கூர்மை பக்திப்பாட்டில் முழுமையாக இறங்கவில்லை என்பது என் மதிப்பீடு. ஆயினும் மதுக்கடை மேடைக்கும் ஆலய மேடைக்கும் இடையே ஒரு கதவு உண்டு என்பதை அவரளவுக்கு உரக்கச் சொன்னவர் வேறொருவர் இல்லை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. ஒற்றைக் கிதாரோடு ஒருவர் இரவெல்லாம் பாட, கேட்போர் தொடர்வண்டி போல ஒருவர் பின் ஒருவராக ஆடும் முகிதி என்னும் வகையில், ஆலயப் பாடல்களின் மெட்டுக்குக் கொச்சையான சொற்களைக் கட்டுவது வழக்கம். மூத்தோர் இதனால் மனம் நொந்தார்கள். இப்போதோ நற்செய்திப் பாடகர்களே முகிதித் தாளத்தில் பதிவு செய்கிறார்கள். இளைஞர்கள் ஆலயத்திலும் அதே வரிசையாட்டத்தை ஆடுகிறார்கள். சுவாஹிலியிலும் இது நடந்தது: எஸ்தர் வாஹோமே பாடிய குனா தாவா என்னும் நற்செய்திப் பாடல் இரவு விடுதிகளிலும் ஒலித்தது.

மெதுவான பாடல்களைக் கேட்கும்போது அமெரிக்க நாட்டுப்புறக் கண்ட்ரி இசையின் சாயல் தெரிந்தால் வியப்படைய வேண்டாம். ஜிம் ரீவ்ஸ் போன்றோரின் இசைத்தட்டுகளுக்கு மத்திய கென்யாவில் இன்றும் தீராத நேயர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: இன்றைய பாடகர்களில் யார் யாரைக் கேட்கலாம்?

பதில்: ஃபிலிஸ் ம்புதியா, ஷிரு வா ஜி.பி., பெட்டி பாயோ, லொயிஸ் கிம், சாமி இருங்கு, பென் கிதாயே ஆகியோரின் பதிவுகளிலிருந்து தொடங்கலாம். 2025-இல் காலமான பெட்டி பாயோவின் லெவன்த் அவர் என்னும் பாடலைப் பலரும் அறிவார்கள். எல்லாம் முடிந்தது என்று தோன்றும் கடைசி வேளையிலும் இறைவன் வருவார் என்னும் கருத்து, சாட்சிப்பாட்டு மரபுக்கு நேர் வாரிசு. பெண் குரல்கள் இத்துறையில் ஓங்கி நிற்பதைப் பட்டியலே காட்டுகிறது. பெங்காவும் முகிதியும் நெடுங்காலம் ஆண்களின் மேடையாகவே இருந்தன. தன் கதையைத் தன் பெயரிலேயே பாட ஒரு பெண்ணுக்குத் திருச்சபை இடம் கொடுத்தது.

கேள்வி: இதில் வருமானம் எப்படி வருகிறது?

பதில்: முற்காலத்தில் நைரோபியின் ரிவர் ரோடு கடைகளே பதிவகமும் சந்தையுமாக இருந்தன, ஒலிநாடாவின் திருட்டுப் படிகள் அசலை முந்திக்கொண்டு விற்றன. 2000-இல் கமேமே எஃப்.எம். என்னும் கிக்குயு வானொலி தொடங்கியது பெரிய திருப்பம். பின்னர் இனூரோ வானொலியும், 2015-இல் இனூரோ தொலைக்காட்சியும் வந்தன. சஃபாரிகாம் என்னும் தொலைபேசி நிறுவனம் 2009-இல் தொடங்கிய ஸ்கிசா என்னும் அழைப்புப்பாட்டுச் சேவை, ஒரு பாடலின் இருபது முப்பது நொடிகளையே விற்பனைப் பொருளாக்கியது. வருவாய்ப் பங்கீடு குறித்த பூசல் ஓயவில்லை. இவற்றைவிட, மணப்பொருள் வழங்கும் ருராசியோ விழா, அடக்க ஆராதனை, ஆலய நிதி திரட்டும் கூட்டம் ஆகியவற்றில் நேரில் பாடிப் பெறும் தொகை உறுதியானது.

கேள்வி: அரசியல்வாதிகளும் இவர்களை அழைக்கிறார்களா?

பதில்: அழைக்கிறார்கள், இவர்களும் போகிறார்கள். 2017 தேர்தலில் அன்றைய அதிபர் உஹுரு கென்யாட்டாவுக்கு இன்னும் ஐந்தாண்டு வேண்டும் என்று பென் கிதாயே பாடிய தானோ தேனா என்னும் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அது ஆராதனைப் பாடல் அன்று. ஆலயக் குரல் என்பதால் கிடைத்த நம்பிக்கை அங்கே செலவழிக்கப்பட்டது என்பேன்.

கேள்வி: எங்கள் குழு கிக்குயுப் பாடல் ஒன்றைப் பாட விரும்புகிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: பழைய ஞானப்பாட்டைத் தவிர்த்து, முதற்குரலும் பல்லவியும் உள்ள ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவியை மட்டும் குழு கற்கட்டும். முதற்குரலை அம்மொழி பேசும் ஒருவருக்கு விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் அங்கேதான் தொனி தவறிப்போகும். கிக்குயு எழுத்தில் சில உயிர்களின் மேல் அலைக்கோடு இடப்பட்டிருக்கும். அது மூக்கொலியைக் குறிப்பதன்று, ஒலியையே மாற்றுகிறது: கோடுள்ள இகரம் ஏகாரத்தை நோக்கியும், கோடுள்ள உகரம் ஓகாரத்தை நோக்கியும் சாயும். உயிர்கள் மொத்தம் ஏழு என்பதை நினைவில் வைத்தால் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு பாடும்போது பெரும்பிழை நேராது. நான்கு குரல் ஒத்திசைவை உடனே சேர்க்காதீர்கள். கைத்தட்டலோடு பலமுறை பாடிப் பழகிய பின் அது தேவையா என்று முடிவு செய்யலாம். பதிவு செய்து வெளியிடுவதாயின், இயற்றியவரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றுக்கொள்ளுங்கள்.