கை பழைய இடத்துக்கே போகிறது, மூளைக்கு கேப்சூல் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் ரொம்ப வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். போன மாதம் பில்லிங் சாஃப்ட்வேரை மாற்றிவிட்டார்கள். சொல்லிக் கொடுத்தால் புரிகிறது, ஆனால் கை பழைய பட்டனுக்கே போகிறது. நடுவில் வேறு வேலை சொன்னால் எரிச்சல் வருகிறது. சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மூளையில் 'பி.டி.என்.எஃப்' என்ற வளர்ச்சிக் காரணியைக் கூட்டும் என்று ஒரு கேப்சூல் விளம்பரம் ஃபோனில் வந்துகொண்டே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

"புரிகிறது, ஆனால் கை பழைய பட்டனுக்கே போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விளக்கம் அதிலேயே இருக்கிறது. புதியதைக் கற்பதும் பழையதை விடுவதும் மூளைக்குத் தனித்தனி வேலைகள். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், மார்மோசெட் என்ற சிறு குரங்குகளுக்கு மூளையின் முன்பகுதியில் செரோட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். இரண்டு படங்களில் எதைத் தொட்டால் தீனி கிடைக்கும் என்பது அந்தக் குரங்குகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் தீனியை அடுத்த படத்துக்கு மாற்றிய பிறகும், அவை பழைய படத்தையே திரும்பத் திரும்பத் தொட்டன. உங்களுக்குச் செரோட்டோனின் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பல வருடப் பழக்கத்தை விடுவது யாருக்கும் கஷ்டம்தான். அதை அறிவுக் குறைவு என்று நினைத்து மனம் நொந்துபோகாதீர்கள்.

அப்புறம் டோபமைன், அதுவும் ஒரு மூளை ரசாயனம்தான். எதிர்பார்த்த பலன் கிடைக்காதபோது டோபமைன் சுரப்பு சட்டெனத் தாழும். 'இது இனி செல்லாது' என்று மூளை கற்றுக்கொள்ள அது உதவுகிறது. மூளையில் டோபமைன் அளவோடு இருக்க வேண்டும். குறைந்தாலும் தடுமாற்றம், கூடினாலும் தடுமாற்றம். டோபமைன் குறைவதால் வரும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். டோபமைனைக் கூட்டும் மருந்து, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற அவர்களுக்கு உதவுகிறது. அதே மருந்து, பலன் தரும் தேர்வு தலைகீழாக மாறும்போது அதைக் கற்பதைக் கெடுக்கவும் செய்கிறது. ஆகவே ஏதோ ஒரு ரசாயனத்தைக் கூட்டினால் மூளை சுறுசுறுப்பாகிவிடும் என்ற பேச்சையே நம்பாதீர்கள்.

விளம்பரம் சொல்லும் பி.டி.என்.எஃப் நிஜமான பொருள்தான். 1982-ல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புரதம் அது. நரம்புச் செல்கள் வேலை செய்யும்போது அவையே இதைச் சுரந்து, புதிதாக உண்டாகும் இணைப்புகளைப் பலப்படுத்துகின்றன. புரதம் என்பதால், வாய்வழியாகச் சாப்பிட்டால் பருப்பும் முட்டையும் போலக் குடலில் செரித்துப் போய்விடும். மூளைக்குப் போய்ச் சேராது. ரத்தத்தில் இதன் அளவைப் பார்ப்பதிலும் உங்களுக்குப் பயனில்லை. ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் சேர்ந்திருப்பது, மூளையின் நிலவரத்தை அது நேராகக் காட்டாது.

பி.டி.என்.எஃப்-ஐத் தூண்ட நம் கையில் இருக்கும் நல்ல வழி நடை. 2011-ல் வெளியான ஆய்வில் 120 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு வருடம், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. ரத்தத்தில் பி.டி.என்.எஃப் கூடியவர்களுக்கு அந்த வளர்ச்சியும் கூடுதலாக இருந்தது. ஹிப்போகாம்பஸ் முக்கியமாக நினைவுக்கான பகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே சாஃப்ட்வேர் கைவசமாகும் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். மூன்று சுற்றை 40 நிமிடத்தில் முடிப்பதுதான் இலக்கு, மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். செருப்பில்லாமல் நடக்காதீர்கள். இன்சுலினோ சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரையோ சேர்த்து எடுத்தால், சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும்.

பழையதை விட்டுப் புதியதுக்கு மாறும் வேலையை மன அழுத்தம் நேரடியாகக் கெடுக்கிறது. ஒரு மாதம் பரீட்சைக்குப் படித்துக் களைத்த மருத்துவ மாணவர்களுக்குக் கவனத்தை மாற்றும் திறன் குறைந்திருந்தது. ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பியது. இந்த ஆய்வு வெளியானது 2009-ல். உங்கள் தொழிலில் மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கும். அந்த நாட்களை ஒட்டிப் புதிய திரையைக் கற்க உட்காராதீர்கள். வியாபாரம் மந்தமாக இருக்கும் மதிய வேளையில், பழைய பில்களை வைத்து அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். முதலில் விற்பனை பில் மட்டும். அது கைக்கு வந்த பிறகு சரக்கு வரவு. மானிட்டர் ஓரத்தில் பழைய சாஃப்ட்வேரின் கோட் எண்கள் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள். கண்ணில் படும் வரை கை அதைத்தான் தேடும். பழகியது மூளையில் நிலைக்கத் தூக்கமும் வேண்டும், கடை அடைத்து வந்து நடுராத்திரி வரை ஃபோன் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள்.

சரி, பி12-க்கு வருகிறேன். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களில் சிலருக்கு பி12 குறையும். அதனால் மறதி, எரிச்சல், கால் மரத்துப் போவது எல்லாம் வரலாம், கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். கூடவே தைராய்டும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பாருங்கள். கால் எரிச்சலுக்கோ தூக்கத்துக்கோ அலர்ஜிக்கோ வேறு மாத்திரை எடுத்தால் அந்தச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். அவற்றில் சில மூளையை மந்தமாக்கும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தெரிந்த தெருவிலேயே வழி தவறினாலோ, பழைய முறைக் கணக்கிலும் பிழை வந்தாலோ, வீட்டார் "ஆளே மாறிவிட்டீர்கள்" என்று சொன்னாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அரசு இராசாசி மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது. திடீரென்று பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.