இல்லத்தில் அம்மா ‘அமைதியாகிவிட்டார்’ என்கிறார்கள்

முதியோர் இல்லத்தில் இருக்கும் உங்கள் அம்மாவைப் பற்றிய கடிதத்தில் வரிசை எண் போட்டு நீங்கள் கேட்டிருக்கும் ஒன்பது கேள்விகளைவிட, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான் என்னை நிறுத்தியது: “சேர்த்த புதிதில் இரவெல்லாம் கத்துவார், இரண்டு மாதமாக அமைதியாகிவிட்டார், எப்போது போனாலும் நாற்காலியில் தூங்குகிறார், நன்றாகப் பழகிவிட்டார் என்று இல்லத்தில் சொல்கிறார்கள்.” இடம் பழகிப்போன ஒருவர் காலை பதினொரு மணிக்குத் தலை தொங்கத் தூங்கமாட்டார்.

உங்களைத் தன் தங்கை என்று நினைப்பதும், சாப்பிட்டதை மறந்து மீண்டும் சாப்பாடு கேட்பதும் டிமென்ஷியா என்னும் மறதிநோயின் போக்கு, இல்லத்தின் குறையல்ல. கூகுள் நட்சத்திரங்கள் வரவேற்பறையின் அழகைத்தான் சொல்லும். இணையத்திலிருந்து எடுத்த நூறு கேள்விப் பட்டியலையும் மூடிவையுங்கள்.

கேட்க வேண்டியது மருந்துப் பட்டியல். ஆளை அடக்கித் தூங்கவைக்கக்கூடிய மருந்துகளான குயிட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், ஹாலோபெரிடால், லோராசெபாம் ஆகியவற்றில் ஏதேனும் அதில் இருந்தால், எழுதியவர் யார், எதற்காக, எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்று கேளுங்கள். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில், குறைந்த அளவில், சில வாரங்களுக்கு இவற்றுக்கு இடம் உண்டு. இரவுப் பணியில் ஆள் போதாததற்கு இவை மாற்று அல்ல. டிமென்ஷியா உள்ள முதியோருக்குக் குயிட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மனநோய் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த, சுமார் 10 வாரங்கள் நீடித்த ஆய்வுகளில், மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 4.5 சதவீதத்தினரும், மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களில் 2.6 சதவீதத்தினரும் இறந்ததைக் கண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. இம்மருந்துகளைப் பெறுவோர் எத்தனை சதவீதம் என்பதை அந்நாட்டில் ஒவ்வொரு முதியோர் இல்லத்தின் தர அளவுகோலாகவே வெளியிடுகிறார்கள். 2011 இறுதியில் நாடு முழுவதும் அது 23.9 சதவீதமாக இருந்தது.

அம்மா ஏன் கத்தினார் என்று யாராவது விசாரித்தார்களா? பெங்களூரு அல்சூரில் நாற்பது ஆண்டு கன்னடம் பேசி வாழ்ந்தவரானாலும், பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழியே மிஞ்சுவது இந்நோயில் அடிக்கடி நடப்பது. பணியாளர்கள் கன்னடமும் இந்தியும் மட்டுமே அறிந்த இடத்தில், “ஒண்ணுக்குப் போகணும்” என்று தமிழில் நூறு முறை சொன்னாலும் அது வெறும் கத்தல்தான். தண்ணீர், வலி, கழிவறை, குளிர் போன்ற பத்துத் தமிழ்ச் சொற்களைக் கன்னட எழுத்தில் பொருளோடு எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். மலச்சிக்கலும் மூட்டுவலியும் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எடைப் பதிவையும் கேளுங்கள்: ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்திருந்தால் விளக்கம் தேவை. பதிவேடே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் தீங்கு செய்யும். ஆஸ்பிரின் எடுப்பவருக்கு யாருக்கும் சொல்லாமல் நீங்கள் கொடுத்துவரும் ஜிங்கோ என்னும் மூலிகை மருந்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். நினைவாற்றலை மீட்காது, இரத்தக் கசிவை வேண்டுமானால் கூட்டும்.

இல்லத்தில் சேர்த்தது தவறா என்று நேரடியாகக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள். தவறில்லை. ஆனால் ஞாயிறுதோறும் சொல்லிவிட்டுப் போவதை விட்டு, இந்த வாரமே ஒரு வேலைநாளில் முன்னறிவிப்பின்றிப் போய், அம்மாவை மருந்துப் பட்டியலோடு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் முதியோர் மனநலப் பிரிவிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள். உறக்கம் ஓரிரு நாளில் திடீரென அதிகரித்தாலோ, அண்மையில் விழுந்திருந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். தொற்று, சோடியம் குறைவு, தலைக்குள் இரத்தக் கசிவு ஆகியவற்றைப் பார்க்க அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.