இருபத்து மூன்று நிமிடத்தில் போய்விட முடியுமா?

இரண்டு சிறு நகரங்களுக்கு நடுவே சாலையில் 420 கி.மீ., விமானத்தில் 310 கி.மீ., பறக்கும் நேரம் 23 நிமிடம் என்று ஓர் இணையதளம் காட்டியதாகவும், ஆனால் டிக்கெட் எங்கும் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. அந்த 23 நிமிடம் எந்த விமானமும் பறந்து பார்த்த நேரமல்ல. வெறும் வகுத்தல் கணக்கு. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப் பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய வளைகோட்டை அளந்து, அதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்துவிடுகிறார்கள். அங்கே விமான நிலையம் இருக்கிறதா என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை!

800 என்பது ஜெட் உயரே சீராகப் பறக்கும் வேகம். சிறு ஊர்களுக்குப் பெரும்பாலும் வருவது ஏடிஆர் 72 போன்ற உந்துவிசிறி (புரொப்பெல்லர்) விமானம். அது 500 கி.மீ. வேகத்தை ஒட்டித்தான் போகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க வட்டமடிப்பது எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கால அட்டவணையில் அச்சாவதும் இந்த முழு நேரம்தான்.

முதலில் இரண்டு ஊர்களுக்கும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு உண்டா என்று தேடுங்கள். (குறியீடு இருப்பதாலேயே சேவை உண்டு என்று நம்பிவிடாதீர்கள், சில ரயில் நிலையங்களுக்கும் அது உண்டு.) பிறகு விமான நிறுவனத்தின் அட்டவணையில் நேரடிச் சேவையைப் பாருங்கள். பெருநகரம் வழியாக மாறித்தான் போக வேண்டுமென்றால், உங்கள் 420 கி.மீ.க்கு நான் இரவு ரயிலில்தான் ஏறுவேன்.