சந்தை ஆய்வில் எந்த முறை நம்பகமானது? கிடைக்கும் தரவை எந்த அளவுக்கு நம்பலாம்?

சர்வே, நேர்காணல், குழு உரையாடல், நேரில் கவனிப்பது என நாலைந்து முறைகளைச் சொல்லி, எது நம்பகமானது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கி, பிறகு மற்றவர்கள் நிரப்பிக் கொண்டுவரும் தாள்களைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தவன் நான். நான் பார்த்தவரை, முறை தவறிப்போய்க் கெட்ட ஆய்வுகள் குறைவு. பதில் சொன்னது யார் என்று பார்க்காமல் கெட்டவைதான் அதிகம்.

ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?" என்றுதான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 60 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் இருந்து எடுத்தவை. பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அது போக, சீட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை. கருத்துக்கணிப்பு நடத்திவந்த ஜார்ஜ் கேலப் அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய சாம்பிளை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

குலுக்கல் போல எல்லாருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து எடுத்த சாம்பிள் என்றால் 1,000 பேர் போதும், பிழை கூடவோ குறையவோ 3 சதவீதப் புள்ளி அளவில் நிற்கும். அதைப் பாதியாக்க வேண்டுமென்றால் 4,000 பேர் வேண்டும். இணையத்தில் லிங்க் போட்டு, வந்தவர்கள் நிரப்பிய சர்வேக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இருந்தும் அறிக்கையில் அதே 3 சதவீதத்தை எழுதிவிடுகிறார்கள்.

அடுத்தது, கேட்கிற விதம். "இந்த வசதி உங்களுக்குப் பயனுள்ளதாக இருக்கிறதா?" என்று ஒரு கேள்வித்தாளில் இருந்தது. வாசலில் நிற்கும் ஆளிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஏறக்குறைய எல்லாரும் ஆமாம் என்றார்கள். கீழேயே "கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்?" என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தோம். ஒரு பெண்மணி கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே திரும்பி, "ஏங்க, அதை நாம பயன்படுத்தியிருக்கோமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அபிப்பிராயக் கேள்விகளைவிடக் கடைசியாக என்ன செய்தார்கள் என்ற கேள்வியையே நம்புகிறேன்.

பிறகு, வெளியே அதிகம் பேசாத விஷயம் ஒன்று: நிரப்பப்பட்ட தாளே பொய்யாக இருக்கலாம். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த தாள்கட்டில், 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லும் கேள்விகளுக்கெல்லாம் 3, 4, 3, 4 என்றே வட்டம் போட்டிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு தாளில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. உண்மையான தாள் அழுக்காக இருக்கும். பாதியில் மாற்றிச் சொல்வார்கள், ஓரத்தில் குறிப்பு இருக்கும். அதிலிருந்த எண்களுக்கு போன் போட்டால், "யாருமே வரலையே" என்றார்கள். மொத்தக் கட்டையும் தூக்கிப் போட்டோம். அவரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, முடியாத இலக்கைக் கொடுத்தால் இப்படித்தான் வரும். ஆன்லைனிலும் இதே கதைதான், 20 நிமிடக் கேள்வித்தாளை 4 நிமிடத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

குழு உரையாடல், மக்கள் "ஏன்" அப்படி நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நல்லது, "எத்தனை பேர்" என்பதற்கு உதவாது. 8 பேரில் 6 பேர் தலையாட்டியதை 75 சதவீதம் என்று ஸ்லைடில் போடுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தும் கேள்வி தவறிப்போவதுண்டு. 1985ல் கோகோ கோலா ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தி, ஏப்ரலில் புதிய சுவையைக் கொண்டுவந்தது. மக்கள் எதிர்ப்பில் ஜூலையில் பழையது திரும்பி வந்துவிட்டது. எது ருசி என்பதற்கு நாக்கு பதில் சொல்லிவிடும். பழையதை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது வேறு கேள்வி.

சரி, உங்கள் கைக்கு ஓர் அறிக்கை வந்தால்? நான் முதலில் பின்பக்கத்தைத் திருப்புவேன். எத்தனை பேரை அணுகினார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை தாள்களை மறுபடி போன் செய்து சரிபார்த்தார்கள், கேள்விகளின் அசல் வாசகம் என்ன. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். "அனுப்புகிறோம்" என்பார்கள். சிலர் அனுப்பியும் இருக்கிறார்கள்.